மழை பெய்தாலே விழும் ட்ரிப் சுவிட்ச்: கழற்றிவிட்டு டிரெக்ட் பண்ணலாமா?

குளிர்மலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடு), ஒரே தகரக் கூரையின் கீழே 12 காம்பரா. எங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறது, 30 அம்பியர் சிங்கிள் பேஸ். மீட்டரைத் தாண்டி ஐசொலேட்டர் (மெயின் சுவிட்ச்), அதற்கு அடுத்து ட்ரிப் சுவிட்ச், பிறகு லைட்டுக்கு ஒன்று பிளக்குக்கு ஒன்று என்று இரண்டு எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழுகிற சுவிட்ச்). ட்ரிப் சுவிட்சின் முகத்தில் 40 அம்பியர் என்றும் 0.03 அம்பியர் என்றும் இரண்டு எண் இருக்கிறது.

மழை பிடித்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. சில நாள் தூக்கிவிட்டால் நிற்கும். சில நாள் நிற்கவே நிற்காது, வெயில் ஏறிய பிறகுதான் நிற்கும். வெளியே இருக்கிற குளியலறைக்கு 3.5 கிலோவொட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் பூட்டிய பிறகு இது கூடிவிட்டது. பார்க்க வந்த வயரிங் வேலை செய்கிற பாஸ், "இந்த மலையில எர்த் பிடிக்காதுங்க, ரெண்டடி தோண்டினா கல்லு. ட்ரிப் சுவிட்ச எடுத்துட்டு டிரெக்ட் பண்ணிடலாம், எம்.சி.பி. இருக்குதானே, அது பாதுகாக்கும்" என்கிறார். லயத்தில் இன்னும் சில வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது.

அவர் சொல்வது சரியா? எம்.சி.பி. மட்டும் போதுமா? போதாது என்றால், எங்கே கரண்ட் ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டுமா, வேலை தெரிந்த ஒருவர் போதாதா?

---

எர்த்கம்பி:

கழற்ற விடாதீங்க. பாஸ் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்: உங்கள் மலையில் எர்த் பிடிப்பது கஷ்டம். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தலைகீழ். எர்த் சரியாகப் பிடிக்காத இடத்தில்தான் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இருக்கவே முடியாது. கணக்கைப் பாருங்க.

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் லைனில் லைவ், நியூட்ரல் என்று இரண்டு வயர்தான். எர்த்தை மின்சார சபை தருவதில்லை. வாசலில் நாம் மண்ணில் அடிக்கிற கம்பிதான், அதாவது ராட்தான், எர்த். டி.டி. முறை என்று இதற்குப் பெயர். ஹீட்டருக்குள் லைவ் வயர் அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்க. கரண்ட் எர்த் வயர் வழியாக ராடுக்குப் போய், மண் வழியாக டிரான்ஸ்போமருக்குத் திரும்ப வேண்டும். சரளை கலந்த மலை மண்ணில் 4 அடி ராட் ஒன்று 200 ஓம் காட்டுவது சாதாரணம், பாறை அருகில் இருந்தால் இன்னும் கூடும். 230 வோல்ட்டை 200 ஓமால் வகுத்தால் 1.15 அம்பியர். இரண்டு மூன்று மின்விசிறி எடுக்கிற அளவு.

16 அம்பியர் பி வகை எம்.சி.பி. உடனே விழ, அதிகபட்சம் 80 அம்பியர் வரை ஓட வேண்டியிருக்கும். 80 அம்பியர் ஓட வேண்டுமென்றால் முழு வழியின் தடையும் 3 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மலைச் சரிவில் ஒரு வீட்டு ராட் வைத்து அது நடக்காது. ஆக 1.15 அம்பியரை எம்.சி.பி. நாள் முழுக்க அப்படியே விடும். அந்த நேரம் முழுக்க ஹீட்டரின் உடம்பிலும், எர்த் வயரில் சேர்ந்திருக்கிற கேத்தல், அயன், பிரிட்ஜ் எல்லாவற்றின் உலோகத்திலும் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட் நிற்கும். குளிக்கிற நேரத்தில் நனைந்த உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்படியென்றால் 230 மில்லி அம்பியர். 10 மில்லி அம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகும். 50, 100 என்று ஏறி ஒரு விநாடி நீடித்தால் இதயம் துடிப்பின் ஒழுங்கை இழக்கலாம்.

ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி., வேறு வேலை செய்கிறது. லைவில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும். முகத்தில் 0.03 என்று எழுதியிருப்பது அதைத்தான். அதற்கு 1.15 அம்பியர் என்பது தேவையைப் போல 38 மடங்கு. எர்த் மோசமாக இருந்தாலும் வேலை செய்கிற ஒரே பொருள் அதுதான். அதைக் கழற்றினால் உங்கள் வீட்டில் ஷொக்குக்குப் பாதுகாப்பு என்று எதுவுமே மிஞ்சாது.

இரண்டு விஷயம் கூடவே சொல்லிவிடுகிறேன். ஒன்று, சிலர் கழற்றாமல் 100 அல்லது 300 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சை மாற்றிப் போட்டு "சரி பண்ணிட்டேன்" என்பார்கள். விழுவது குறையும். ஆனால் அது தீயைத் தடுக்கப் போடுகிற அளவு, ஆளைக் காப்பாற்றாது. புதிதாக மாட்டினால் 0.03 இருக்கிறதா என்று நீங்களே பாருங்க. இரண்டு, டெஸ்ட் பட்டன் அழுத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் நல்லா இருக்கு என்று நினைக்காதீங்க. அந்தப் பட்டன் சுவிட்சுக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சோதிக்கிறது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் பட்டன் வேலை செய்யும்.

---

ஊவா வயரிங்:

எர்த்கம்பி அண்ணே சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுக்கைத் தேடுவதை நான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் செய்யக்கூடியது பாதி, சோதனை மீட்டர் உள்ள எலக்ட்ரீசியன் செய்ய வேண்டியது மீதி.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்க. வைகாசிக்குப் பிறகு உங்கள் பக்கம் விடாமல் பெய்கிற தென்மேல் மழையில் விழுகிறதா, அல்லது ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னலோடு வருகிற மழையில் மட்டும் விழுகிறதா? மின்னல் வெட்டும்போது ஒருமுறை விழுந்து, தூக்கினால் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் லைனில் வந்த சர்ஜ், அதாவது திடீர் வோல்ட் ஏற்றம். வயரிங்கில் பழுது என்று அர்த்தமில்லை. நீங்க சொல்வதைப் பார்த்தால், தூக்கியும் நிற்கவில்லை, காய்ந்ததும் நிற்கிறது. அது ஈரம் ஏறிய ஒழுக்குத்தான். 230 வோல்ட்டில் 30 மில்லி அம்பியர் ஓட 7,700 ஓம் போதும். நனைந்த மரப்பலகை, தண்ணீர் நின்ற ஹோல்டர், டேப் சுற்றிய ஜொயின்ட் எல்லாம் இந்த அளவுக்கு இறங்கும். தனித்தனியாக 5, 8 மில்லி அம்பியர் ஒழுகுகிற இரண்டு மூன்று பொருள் சேர்ந்தாலும் விழும். 30 என்று எழுதிய சுவிட்சே 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயும் விழலாம், அப்படித்தான் அதைச் செய்கிறார்கள்.

மழை பெய்து, விழுந்து கிடக்கிற நேரத்தில் இதைச் செய்யுங்க. கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். எல்லாப் பிளக்கையும் சொக்கெட்டிலிருந்து கழற்றுங்க. சுவிட்சை அணைத்தால் போதாது, பின்னே வெளியே வர வேண்டும். எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்குங்க. இப்போது ட்ரிப் சுவிட்சை மட்டும் தூக்குங்க. நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஐந்து பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் ஒழுக்கு. எல்லாம் நின்றால் ஒழுக்கு வயரில் இல்லை, ஏதோ ஒரு சாமானில். ஒவ்வொரு சாமானாகக் குத்திப் பாருங்க. ஹீட்டர் கொயில்தான் முதல் சந்தேகம். கொயிலின் உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் உள்ளே இருக்கிற வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பல நாள் பயன்படுத்தாமல் வைத்த ஹீட்டர் போட்டவுடன் ட்ரிப்பை விழுத்துவது அதனால்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண எம்.சி.பி. லைவை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் போர்டில் சேர்ந்தேதான் இருக்கும். எங்கேயாவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி.யை இறக்கியும் அது விலகாது. அடையாளம் என்னவென்றால், சும்மா இருக்கும்போது நிற்கும், 2 கிலோவொட் கேத்தலையோ அயனையோ எந்தச் சொக்கெட்டில் போட்டாலும் விழும். அப்படி என்றால் போர்டைத் திறந்து ஒவ்வொரு லைனின் நியூட்ரலையும் கழற்றித் தேட வேண்டும். அது உங்கள் வேலை இல்லை.

மீட்டர் வேலை என்பது இன்சுலேஷன் டெஸ்டர், நம்மவர்கள் மெகர் என்பது. சப்ளையை நிறுத்தி, பல்பு, எல்.ஈ.டி., பிளக்கில் உள்ளவை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு லைனுக்கும் 500 வோல்ட் டீ.சி. கொடுத்து லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், லைவுக்கும் நியூட்ரலுக்கும் அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைன் தேறாது. நல்ல புது வயரிங் 100, 200 மெகா ஓமுக்கு மேலே காட்டும். ஒன்று இரண்டு காட்டினாலே எங்கோ கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சாதாரண மல்டிமீட்டர் வைத்து "ஓமில் ஒன்றும் காட்டல, வயர் நல்லா இருக்கு" என்றால் நம்பாதீங்க. அது சில வோல்ட்டில் அளக்கிறது. 230 வோல்ட்டில் ஒழுகுவது அதில் தெரியாது.

லயத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்கிற இடங்கள்: வெளி வாசல் பல்பு ஹோல்டர், குளியலறைக்கும் கக்கூசுக்கும் போகிற வயர், தகரத்துக்கும் மரச் சலாகைக்கும் இடையில் நசுங்கின வயர், அடுப்படிக்கு மேலே உள்ள ஜொயின்ட். விறகடுப்புப் புகையும் சூடும் பட்டு வருஷக்கணக்கில் பி.வி.சி. காய்ந்து வெடித்துப்போகும். எலி கடித்ததும் அங்கேதான் கிடைக்கும்.

---

குளிர்மலை:

நன்றி அண்ணே. நேற்று இரவு நல்ல மழை. நீங்க சொன்ன மாதிரி செய்தோம். எல்லாம் இறக்கி ட்ரிப்பை மட்டும் தூக்கினால் நின்றது. பிளக் எம்.சி.பி. தூக்கினோம், நின்றது. லைட் எம்.சி.பி. தூக்கியதும் இரண்டு நிமிஷத்தில் விழுந்தது. வெளிக் குளியலறையும் வாசல் பல்பும் அந்த லைனில்தான். போர்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஹீட்டரையும் லைட் லைனிலேயே சேர்த்திருக்கிறார். முன்பு 6 அம்பியர் இருந்த எம்.சி.பி. இப்போது 20. ஹீட்டர் போட்டால் 6 விழுந்துகொண்டே இருந்ததாம், அதனால் மாற்றினாராம். வயர் மாற்றவில்லை, பழைய 1/1.13 தான். போர்டிலிருந்து ஹீட்டர் வரை ஏறக்குறைய 15 மீற்றர்.

---

எர்த்கம்பி:

ஹீட்டரை இன்றே நிறுத்துங்க. ட்ரிப் விழுவதை விட இது அவசரம். லைட் எம்.சி.பி.யை இறக்கியே வையுங்க, வெளிச்சத்துக்கு ஒரு டேபிள் லாம்பைப் பிளக் லைனில் போட்டுச் சமாளிக்கலாம்.

3,500 வொட்டை 230ஆல் வகுத்தால் 15.2 அம்பியர். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர் வயர், குழாய்க்குள் போனால் சுமார் 13 அம்பியருக்கு மேல் அதில் ஓட விடக் கூடாது. 15 மீற்றர் போய் வர 30 மீற்றர் செம்பு, தடை 0.54 ஓம். 15.2 அம்பியர் ஓடும்போது அந்த வயர் மட்டும் 120 வொட்டுக்கு மேல் சூடு தருகிறது. அந்தச் சூடு எங்கே இறங்குகிறது? தகரத்துக்கும் சலாகைக்கும் நடுவில், புகை பிடித்துக் காய்ந்த பி.வி.சி.யில். பி.வி.சி. தாங்குவது 70 பாகை செல்சியஸ்தான். லயத்தில் தீ பிடித்தால் "மின் ஒழுக்கு" என்று செய்தியில் ஒரு சொல்லில் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பது பல நேரம் இப்படிப்பட்ட வயரும் ஜொயின்ட்டும்தான்.

6 அம்பியர் எம்.சி.பி. விழுந்தது சரியான வேலை. அது வயரைக் காப்பாற்றியது. 20 அம்பியர் எம்.சி.பி. 22 அம்பியர் ஓடினாலும் விழாது, 29 அம்பியர் ஓடினால்கூட ஒரு மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்க அதற்கு அனுமதி உண்டு. எம்.சி.பி. அளவை வயர்தான் முடிவு செய்யும், சாமான் முடிவு செய்யக் கூடாது. 1/1.13 லைட் லைனுக்கு 6. 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், பிளக் லைனுக்கு 16 அல்லது குழாய் வழியைப் பார்த்து 20.

ஹீட்டருக்குப் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும். 7/0.85 வயர், அது 4 சதுர மில்லிமீற்றர். 20 அம்பியர் எம்.சி.பி. குளியலறைக்கு வெளியே 20 அம்பியர் டபிள் போல் சுவிட்ச், லைவும் நியூட்ரலும் இரண்டும் துண்டிக்கிற வகை, சிவப்பு லைட்டோடு. ஹீட்டர் வரை எர்த் வயர் கண்டிப்பாகப் போக வேண்டும். பிளக், சொக்கெட் வழியாக வேண்டாம், நேரடியாகத் தெர்மினலில் இறுக்க வேண்டும். குளியலறைக்குள் சொக்கெட்டே இருக்கக் கூடாது. உள்ளே போடுகிற பல்பு தண்ணீர் தெறித்தால் தாங்குகிற ஐ.பி. எக்ஸ்4 வகையாக இருக்கட்டும். 15 பாகையில் வருகிற ஊற்றுத் தண்ணீரை 3.5 கிலோவொட் நிமிஷத்துக்கு 2 லீற்றர்தான் 40 பாகைக்கு ஏற்றும். அது பத்தவில்லை என்று அடுத்து 5 கிலோவொட் வாங்க நினைப்பீர்கள். அதற்கு வயரும் எம்.சி.பி.யும் இன்னும் ஒரு படி ஏற வேண்டும் என்பதை இப்போதே மனதில் வைத்து லைனைப் போட்டுக்கொள்ளலாம்.

---

குளிர்மலை:

ஹீட்டரை நிறுத்திவிட்டோம். எர்த் பற்றி ஒன்று கேட்கணும். ராட் இரண்டடிதான் இறங்கியிருக்கிறது, மீதி வெளியே வளைந்து நிற்கிறது. குழி வெட்டி உப்பும் கரியும் போட்டால் எடுக்கும் என்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் கட்டலாமா?

---

ஊவா வயரிங்:

தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். ஊற்றிலிருந்து வருகிற லைனில் இப்போது பாதிக்கு மேல் கறுப்புப் பொலிதீன் பைப். அதில் எர்த்தே கிடையாது. மிஞ்சியிருக்கிற இரும்புத் துண்டில் கட்டினால் பழுது வருகிற அன்று பக்கத்து வீட்டு டெப்பில் கரண்ட் வரும்.

உப்பு போட்டால் முதல் மாதம் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். உங்கள் பக்கத்து மழையில் ஒரு பருவத்துக்குள் கரைந்து போய்விடும், போகிற போக்கில் ராடையும் கிளாம்பையும் அரித்துவிட்டுப் போகும். அதற்குப் பதில் பெண்டனைட் களிமண் கரையாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பாறையில் ராடை அடித்து வளைக்கக் கூடாது, இடத்தை மாற்ற வேண்டும். சரிவின் கீழ்ப் பக்கம், கான் (வடிகால்) ஓரம், மண் ஆழமாக எங்கே இருக்கிறதோ அங்கே போங்க. செம்பு பூசிய 4 அடி ராட் மூன்று, ஒன்றுக்கொன்று குறைந்தது 4 அடி, முடிந்தால் 8 அடி தள்ளி. நெருக்கி அடித்தால் மூன்றும் ஒரே மண்ணைத்தான் பங்கு போடும், பயன் வராது. தள்ளி அடித்தால் மூன்றும் சேர்ந்து ஒற்றை ராடின் எண்ணில் சுமார் 40 சதவீதத்துக்கு இறங்கும். நிமிர்ந்து இறங்கவே இடம் இல்லை என்றால், இரண்டடி ஆழத்தில் நீளமான கான் வெட்டி வெற்றுச் செம்புப் பட்டையைக் கிடையாகப் புதைக்கலாம். ராடிலிருந்து போர்டுக்கு 7/1.04 பச்சை மஞ்சள் வயர், நடுவில் ஜொயின்ட் இல்லாமல். ராடின் தலையையும் கிளாம்பையும் மண் மூடாமல் சின்னக் குழியும் மூடியும் வையுங்க, பிறகு யாராவது அளக்க வேண்டுமே.

அளக்க எர்த் டெஸ்டர் வேண்டும். ராடிலிருந்து 20 மீற்றர் தள்ளி ஒரு முள், அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில், அதாவது 12.4 மீற்றரில் இன்னொரு முள். தேயிலைக்குள் வயர் இழுத்துத்தான் அடிக்க வேண்டியிருக்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குக் கணக்குப்படி 1,667 ஓம் வரை போகலாம், ஆனால் 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எர்த் நிலையாக நிற்காது. ஈர நாளில் 200 காட்டினது ஜனவரி பெப்ரவரி வெயிலில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. 100க்குக் கீழே கிடைத்தால் சந்தோஷம்.

---

மேட்டுலயம்:

கூரைத் தகரத்தையும் எர்த் ராடோடு ஒரு வயர் போட்டுக் கட்டிவிட்டால் நல்லதில்லையா? தகரத்தில் கரண்ட் ஏறினால் இறங்கிவிடும்தானே.

---

எர்த்கம்பி:

தனி வீடாக இருந்தால் யோசிக்கலாம். லயத்தில் ஒருவர் மட்டும் செய்யக் கூடாது. 12 காம்பராவுக்கும் ஒரே தகரம். ஏழாவது வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லை, அங்கே லைவ் வயர் தகரத்தைத் தொடுகிறது என்று வையுங்க. உங்கள் ராடில் தகரத்தைக் கட்டியிருந்தால் அந்தக் கரண்ட் உங்கள் எர்த் வயர் வழியாக இறங்கும். 200 ஓமில் 1.15 அம்பியர், ஏழாவது வீட்டு எம்.சி.பி. அசையாது. இப்போது அந்த வீட்டு வோல்ட் உங்கள் கேத்தலுக்கும் பிரிட்ஜுக்கும் வந்துவிட்டது. உங்கள் ட்ரிப் சுவிட்ச் விழாது, ஏனென்றால் ஒழுகுவது உங்கள் லைன் இல்லை.

கட்டாவிட்டாலும் தகரத்தில் கரண்ட் நிற்கத்தான் செய்யும். கூரையில் ஈரத் துணி போடுகிறவருக்கும், ஓட்டையை அடைக்க ஏறுகிறவருக்கும் அதுதான் ஆபத்து. "என் வீட்டில நான் டிரெக்ட் பண்ணிக்கிறேன், மற்றவங்களுக்கு என்ன" என்று லயத்தில் யாரும் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் கழற்றினால் 12 வீட்டுக்கும் கழற்றின மாதிரி. சரியான வழி, வயர் எதுவும் தகரத்தைத் தொடாமல் குழாய்க்குள் போக வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் பின்னால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த லைன் எல்லாம் நிற்க வேண்டும். தோட்டத் தலைவரிடம் சொல்லி, நிருவாகத்தோடு பேசி, முழு லயத்தையும் ஒரே நாளில் மெகர் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. எலக்ட்ரீசியன் மேலே ஏறி வருகிற கூலியும் பங்காகிவிடும்.

---

லைன்டெஸ்டர்:

லைசன்ஸ் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னியலாளர்களுக்கு உரிமம் கொடுக்கிறது. அதற்கு அடிப்படை என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை. வேலை செய்ய வருகிறவரிடம் அட்டையைக் கேளுங்க, கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மலையகத்தில் இருபது வருஷம் கம்பி இழுத்த, நல்ல கை உள்ள பாஸ்மார் பலரிடம் காகிதம் இல்லை, அதுவும் உண்மை. அவர்கள் திரும்ப வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலையைக் காட்டி மதிப்பீடு செய்து என்.வி.கியூ. பெற முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்திலோ, நைட்டா என்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ விசாரிக்கலாம். உங்கள் பாஸிடமும் இதைச் சொல்லுங்க. கை நல்லதாக இருந்தும் கணக்கு தெரியாததால்தான் 6ஐ எடுத்துவிட்டு 20 போட்டிருக்கிறார்.

அட்டை இருந்தாலும் மூன்று மீட்டர் இருக்கிறதா என்று பாருங்க: இன்சுலேஷன் டெஸ்டர், எர்த் டெஸ்டர், ட்ரிப் சுவிட்ச் விழுகிற நேரத்தை அளக்கிற ஆர்.சி.டி. டெஸ்டர். கையில் லைன் டெஸ்டர் ஸ்க்ரூட்ரைவர் மட்டும் வைத்திருக்கிறவர் வயர் பூட்டலாம், வயரிங் சரி என்று சொல்ல முடியாது. வேலை முடிந்தால் காகிதத்தில் எண் எழுதி வாங்குங்க. லைனுக்கு லைன் வயர் அளவு, எம்.சி.பி. அளவு, இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம், எர்த் எத்தனை ஓம். ட்ரிப் சுவிட்ச் 15 மில்லி அம்பியரில் விழாமல் இருந்ததா, 30இல் 300 மில்லிவிநாடிக்குள் விழுந்ததா, 150இல் 40 மில்லிவிநாடிக்குள் விழுந்ததா. ஒவ்வொரு சொக்கெட்டிலும் லைவும் நியூட்ரலும் மாறாமல் இருக்கிறதா. கீழே கையெழுத்தும் உரிம எண்ணும் திகதியும். "எல்லாம் ஓகே" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது காகிதம் இல்லை.

சாமான் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை உள்ள வயர், சொக்கெட் பாருங்க. நம் நாட்டுத் தரம் 13 அம்பியர் சதுரப் பின். பழைய உருண்டைப் பின் 5 அம்பியர், 15 அம்பியர் சொக்கெட்டை இந்த வேலையோடு மாற்றிவிடுங்க, அடாப்டருக்கு மேல் அடாப்டர் குத்துவது அதனால்தான் வருகிறது. பழைய வயர் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியது பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல். இரண்டும் ஒரே போர்டில் வரும்போது சேர்கிற இடத்தில் அடையாள டேப் சுற்றச் சொல்லுங்க. மீட்டருக்கு முன்னால் உள்ள வயரையும் சீலையும் யாரும் தொடக் கூடாது, அங்கே பழுது என்றால் மின்சார சபைக்கு 1987 என்ற எண்ணில் அழையுங்க.

யாருக்காவது ஷொக் அடித்துப் பிடித்துக்கொண்டால் ஆளைத் தொடாதீங்க, ஐசொலேட்டரை இறக்குங்க. பிறகு 1990க்கு அழையுங்க, மூச்சு இல்லை என்றால் அம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சை அழுத்துவதை நிறுத்தக் கூடாது. ஐசொலேட்டர் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

---

குளிர்மலை:

உரிமம் உள்ள ஒருவர் வந்து பார்த்தார், எங்கள் பாஸும் கூடவே நின்று வேலை செய்தார். குளியலறைக்குப் போகிற வயரில் ஒரு கூரை ஆணி இறங்கியிருந்தது. மெகரில் ஈரமாக இருந்தபோது 0.01 மெகா ஓமுக்கும் கீழே. அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் குழாயில் புது வயர் போட்ட பிறகு லைட் லைன் 200 மெகா ஓமுக்கு மேல். லைட் எம்.சி.பி. திரும்ப 6. ஹீட்டருக்குத் தனியாக 7/0.85. மூன்று ராட் சேர்த்து 118 ஓம். ட்ரிப் 30இல் 26 மில்லிவிநாடி, 150இல் 14. 118 பரவாயில்லையா? இனி எதைப் பார்த்துக்கொள்ளணும்?

---

ஊவா வயரிங்:

அந்த மண்ணுக்கு 118 நல்ல எண். பெப்ரவரி கடைசியில், மண் காய்ந்திருக்கும்போது ஒருமுறை அளக்கச் சொல்லுங்க. 200ஐத் தாண்டினால் நாலாவது ராட். டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்க, விழவில்லை என்றால் அன்றே ட்ரிப் சுவிட்சை மாற்றணும். சோதனைக் காகிதத்தைப் பொலிதீனில் போட்டுப் போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்க, அடுத்து வருகிறவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.